ஊருக்குப் பிடித்த விரிசல்

எங்கள் ஊர்க்காரர்கள் இளகிய மனசுக்காரர்கள். இதை நான் சொல்லவில்லை, அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறவள் நான், பெயர் சுகுணா. ஊரின் பெருமையை ஊர் வாயாலேயே தினமும் கேட்கிற பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. இந்த மலையில் பல ஊர்கள் சேர்ந்த எடப்புளி நாட்டிலேயே ஈர நெஞ்சுள்ள ஊர் எங்களுடையதுதானாம். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்தால் நெஞ்சு எப்படிக் காயும் என்று நான் கேட்டால் மட்டும் கோபித்துக்கொள்வார்கள்.

அந்த இளகிய மனசைச் சோதித்துப் பார்க்கத்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. பிரேம், அவன் பெண்சாதி யமுனா, மகள் தர்சினி. இலங்கைத் தமிழர்கள். பிரேம் சின்னப் பையனாகப் படகேறி வந்தவன். வளர்ந்தது, கல்யாணம் கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் கீழே சமவெளியில் ஓர் அகதி முகாமில். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது தொழில். மலையில் புதுசு புதுசாக விடுதிகள் கட்டுகிறார்கள் இல்லையா, வேலை இங்கேயே நிறையக் கிடைத்தது. தினமும் அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க முடியாதென்று, முகாம் ஆபீசில் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு மேலே வந்துவிட்டான். என் கொழுந்தனார் திருப்பூருக்குப் போனபின் பூட்டிக் கிடந்த, என் பேரிலுள்ள ஓட்டு வீடு எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. அதை வாடகைக்கு விட்டேன். பிள்ளையை இங்கே பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள்.

வந்த புதிதில் ஊர் காட்டிய அன்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் அர்த்தனாரி வீட்டிலிருந்து ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கு போனது. பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் தன் பழைய சேலைகளில் நாலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்; கிழிந்த இடத்தை உள்பக்கமாக மடித்து, நல்ல பக்கம் தெரிகிற மாதிரி. யமுனா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீர் சென்னம்மாளுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னாள்.

படகுக் கதை கேட்பதற்கென்றே சாயங்காலம் ஆள் வரும். பிரேமுக்கு அந்தப் பயணத்தில் வாந்தி எடுத்ததைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை. அதை அவன் உள்ளபடி சொல்ல, வந்தவர்கள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்கள். பிறகு யமுனா தன் அம்மா சொல்லக் கேட்டதை எல்லாம் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டவர்கள் மூக்கைச் சிந்தி அழுதுவிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

கெட்டது அதற்கடுத்த வருஷத் தீபாவளிக்குத்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க் கவுண்டர் வீட்டுச் சுவருக்கு வெள்ளை ஏறாமல் வேறு எவன் வீட்டுச் சுவரும் வெளுக்கக் கூடாது. அவர் பொங்கலுக்குத்தான் வெள்ளையடிப்பார், அவருக்கு அடுத்துப் பங்காளிகள், அப்புறம் மற்றவர்கள். இது பிரேமுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய நானோ மகள் பிரசவத்துக்கு நாமக்கல் போயிருந்தேன். விடுதிகளில் அடித்து மிஞ்சிய பெயின்ட் டப்பாக்கள் அவனிடம் கிடந்தன. நாலு நாள் வேலை இல்லை. கை சும்மா இருக்குமா? சுவருக்கு இளமஞ்சள், ஜன்னலுக்கு நீலம், வாசற்படிக்குச் சிவப்பு, நிலைக்கு மேலே ஒரு கொடியும் பூவும்.

பேரனைப் பார்த்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கிய எனக்கே என் வீடு அடையாளம் தெரியவில்லை. "ஆத்தாடி! இது நம்ம ஊடா?" என்று வாயில் கை வைத்து நின்றேன். அத்தனை அழகு. சுற்றிலும் ஊர் முழுக்கக் காரை உதிர்ந்த சுவர்கள், நடுவில் இது மட்டும் கல்யாணப் பெண்ணாக நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்கும் தாங்கவில்லை, வேறு விதமாக.

"அகதின்னா அகதியாட்ட இருக்க வேண்டாமுங்களா?" என்றாள் சென்னம்மாள், டீக் கிளாஸை டொக்கென்று வைத்து. "நாங்குடுத்த சேலைய ஒரு நாளாச்சும் கட்டியிருப்பாளா அவ? நேத்துப் பாத்தேன், புதுச் சேலை. எங்கிருந்துங்கறேன்?"

"சம்பாரிச்சு வாங்கியிருப்பா. புருசன் வேலைக்குப் போறானில்ல."

"அதத்தான் நானுஞ் சொல்றேன். நம்ம பசங்களுக்குப் போற வேலை." அவள் மகன் முரளி பிரஷ்ஷைப் பிடித்து யாரும் பார்த்ததில்லை. அவன் எதையுமே பிடித்து யாரும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து ஊரில் எது தொலைந்தாலும் விலாசம் அந்த மஞ்சள் வீடாக இருந்தது. காட்டுப்பூனை தலைமுறை தலைமுறையாக எங்கள் கோழிகளைப் பிடித்துத் தின்கிறது. பாவம், அதற்கு அந்த ஐப்பசியில் விடுதலை கிடைத்தது. காயப்போட்ட மிளகு குறைந்ததா, அவர்கள்தான். சுனையில் தண்ணீர் கலங்கியதா, அவர்கள்தான். நேரில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இளகிய மனசு இல்லையா, முகத்துக்கு நேரே கேட்க வராது.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பிரேமையும் வரச் சொன்னார்கள். நிற்கத்தான், பேச இல்லை.

"தம்பி மேல எங்களுக்கு ஒண்ணும் கோவமில்லீங்க," என்று ஆரம்பித்தார் கவுண்டர். அவர் 'இல்லீங்க' என்று ஆரம்பித்தால் இருக்கிறது என்று அர்த்தம். "ஆனா ஊருன்னு ஒரு மொறை இருக்குது பாருங்க. எனக்கு முன்னால செவுத்துக்குச் சாயம் ஏத்திப்போட்டீங்க. செரி, தெரியாமப் பண்ணிட்டீங்க. ஆனா வாடகை ஊட்டுக்கு இத்தன சோடிப்பு எதுக்கு? இங்கயே இருந்துக்கற நெனப்பா?"

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன கதைதான்," என்று பின்னாலிருந்து சென்னம்மாள் தூக்கிப் போட்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா," என்றான் பிரேம். "மிஞ்சின பெயின்ட் வீணாப் போகுதெண்டு அடிச்சனான். வேற ஒண்டும் நினைக்கேல்ல."

"நாங்க காலங்காலமா இந்த மலையில இருக்கறவங்க," என்றார் கவுண்டர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து பிழைக்க வழியில்லாமல் காடு மேடு கடந்து இந்த மலை ஏறின கதையை இவரே வாய் மணக்கச் சொல்வார். நாங்கள் வந்தது வேறு போலிருக்கிறது. எங்களை நிற்க வைத்துக் கேட்க அப்போது கூட்டம் போடவில்லை.

பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. வீடு என்னுடையது, காலி செய்யச் சொல்ல நீங்கள் யார் என்று நான் குதித்தேன். "உங்கூட்டுத் தண்ணிப் பைப்பு எங்க காட்டு வழியாத்தான் வருது சுகுணா," என்றார் கவுண்டர், மிகவும் அன்பாக. நான் உட்கார்ந்துவிட்டேன்.

தர்சினி பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. தையில் கிளப்பிவிட்டால் எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் உட்காருவாள்? வகுப்பிலேயே முதலாக வருகிற பிள்ளை. நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. எங்கள் மலைத் தமிழையே பேசும், என்னை 'அத்தை, அத்தை' என்று சுற்றி வரும். அன்று யமுனா என் அடுப்படியில் உட்கார்ந்து, "பிள்ளை சோதனை எழுதி முடியுமட்டும் இருக்க விட்டால் போதும் அக்கா. அதுக்குப் பிறகு எங்க போகச் சொன்னாலும் போறம்," என்று அழுதாள். எனக்கு ஊர் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலில்தான் யோசனை வந்தது. இரக்கம் என்பது தண்ணீர் மாதிரி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். இவர்கள் பெயின்ட் அடித்து மேடாகிவிட்டார்கள். திரும்பப் பள்ளமாக்க வேண்டும்.

மறுநாள் பிரேமைக் கூப்பிட்டேன். "தம்பி, நீ நல்ல செவுத்த அழகாக்குவ. அழகான செவுத்தக் கெட்ட செவுராக்க முடியுமா?"

அவனுக்குப் புரியவில்லை.

"விரிசல் வரைவியா? ஓதம், பாசி, காரை உதுந்த மாதிரி? கார்த்திகை மழையில ஊடு ஊறிப்போச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன பிச்சைக்காரனே அக்கா? இத்தனை வருசமா ஒருத்தரிட்டயும் கை நீட்டினதில்ல. உழைச்சுச் சாப்பிடுறன்."

"அதுதாண்டா உன்ற தப்பு, போக்கத்தவனே! உழைச்சுச் சாப்புடறவனுக்கு எவன் பாவப்படுவான்?"

அவன் எழுந்து போய்விட்டான். கூட வந்திருந்த யமுனா, பிள்ளையின் பரீட்சையைச் சொல்லிக்கொண்டே அவன் பின்னால் போனாள். அடுத்த நாள் விடிந்ததும் பார்க்கிறேன், வீட்டு முகப்பை மறைத்து நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. ஊருக்கு, ஓடு ஒழுகுகிறது என்று சொன்னோம்.

தார்ப்பாய்க்கு உள்ளே அவன் வேலை செய்வதைப் பார்க்கப் போனேன். நல்ல சுவரைக் கெட்டதாக வரைவது லேசுப்பட்ட வேலை இல்லையாம். நிஜ விரிசல் எப்படி ஓடுகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று பார்க்க, கவுண்டரின் மாட்டுக் கொட்டகைச் சுவரை அரை நாள் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறான். கவுண்டரும், என்ன தம்பி, வேலை கேட்டு வந்தாயா என்று கேட்டாராம். கறுப்பும் காவியும் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை ஒரு கோடு இழுத்தான். பக்கத்தில் நிழல் வைத்தான். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது, சுவர் பிளந்தே விட்டது. கதவுக்கு மேலே இருந்த கொடியையும் பூவையும் ஓதக்கறையால் மூடும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தார்ப்பாயை அவிழ்த்த அன்று ஊரே வந்து நின்றது.

"அடப் பாவமே!" என்றாள் சென்னம்மாள். அத்தனை கனிவான குரலை அவளிடம் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது. "எப்படி இருந்த ஊடு!"

"அடிச்ச சாயம் அத்தனையும் போச்சா?" என்றார் கவுண்டர். கவலையோடுதான் கேட்டார். ஆனால் அவர் தோள் இரண்டும் இறங்கி நின்றதை நான் பார்த்தேன், சுமை இறக்கினவன் மாதிரி.

அப்புறம் என்ன! கிழங்கு வந்தது, சாமை அரிசி வந்தது, சேலை வந்தது. யமுனாவை நான் மிரட்டி அந்தச் சேலையைக் கட்ட வைத்தேன். கோழி பிடித்த குற்றம் காட்டுப்பூனைக்கே திரும்பிப் போனது. பொங்கல் கெடுவைப் பற்றிப் பேச்சே இல்லை. "பாவம், இருந்துட்டுப் போறாங்க. நம்மளாட்டம் மனுசங்கதானே," என்று கடையில் உட்கார்ந்து சொன்னவர் யார்? ஊர்க் கவுண்டர் அர்த்தனாரியேதான்.

இத்தோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் நல்ல மனசு எங்கே நிற்கிறது?

தை பாதி கழிந்ததும் கவுண்டருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அந்த விரிசல் நாளுக்கு நாள் பெரிசாகிறதாம். அவரே கண்ணால் பார்த்தாராம். "வயசுப் புள்ள தூங்கற ஊடு. இடிஞ்சு விழுந்துச்சுன்னா? அந்தப் பாவம் நம்ம ஊருக்கில்ல வரும்!" மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை எல்லோர் கண்ணிலும் தண்ணீர். கீழே முகாமில் அரசாங்கம் கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறதாம், இங்கே எதற்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும், அவர்கள் நல்லதுக்காக உடனே அனுப்பிவிடுவோம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். வி.ஏ.ஓ. அம்மாவுக்கு மனு போனது.

பிரேம் என்னைப் பார்த்தான். விரிசல் நிஜமென்றால் வீடு ஆபத்து, போக வேண்டும். பொய்யென்றால் ஊரை ஏமாற்றினவன், அப்போதும் போக வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. "நான் உண்மையச் சொல்லப் போறன் அக்கா," என்றான். "சொல்லித் தொலைச்சிராத சாமி, புள்ளைய நெனச்சுக்க," என்று அவன் கையைப் பிடித்து அழுத்தினேன். என் புத்தியால் வந்த வினை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வி.ஏ.ஓ. ரோஸ்லின் அம்மா கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். சிரிக்கத் தெரியாத முகம். வீட்டின் முன்னால் வந்து நின்று மேலும் கீழும் பார்த்தார். பின்னால் ஊரே நின்றது. தர்சினி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், பக்கத்துல போகாதீங்க, விழுந்துரும்," என்றார் கவுண்டர்.

ரோஸ்லின் அம்மா பக்கத்தில்தான் போனார். விரலை நீட்டி விரிசலின் மேல் வைத்தார். விரல் பள்ளத்தில் இறங்கவில்லை. வழவழவென்று சுவர் மேலேயே ஒரு சாண் தூரம் வழுக்கிக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பிரேமைப் பார்த்தார், அப்புறம் யமுனா கட்டியிருந்த கிழிசல் சேலையை, அப்புறம் அந்தப் பிள்ளையை.

"பழைய விரிசல்தான். அஸ்திவாரம் நல்லா இருக்கு, ஒண்ணும் ஆகாது," என்றார். "யாரும் தொடாதீங்க. தொட்டாத்தான் ஆபத்து."

ஊர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்தது. ரோஸ்லின் அம்மா என் கடைக்கு வந்து டீ வாங்கிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நான் புது ஸ்கூட்டி வாங்கி ஒரு வருசமாச்சுங்க. ஊர்ல அம்மா வீட்டுலயே நிறுத்தி வச்சிருக்கேன். இங்க ஓட்டினா, லஞ்சத்துல வாங்கினதும்பாங்க." ஒரு வாய் குடித்தார். "அவரு வெளி வேலையும் எடுப்பாரா? எங்க குவார்ட்டர்ஸ் முன்பக்கம் ரெண்டு விரிசல் போட்டுக் குடுத்தாத் தேவலை." சிரிக்கத் தெரிந்தவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

தர்சினி பரீட்சை எழுதினாள். மே மாதம் பலாப்பழ வாசனையோடு முடிவும் வந்தது. பள்ளிக்கூடத்திலேயே முதல்! ஹெட்மாஸ்டர் போன் செய்து சொல்ல, யமுனா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஓசி டீ கொடுத்தேன்.

ஊர் திரண்டு வந்தது. கவுண்டர் ஒரு பெரிய பலாப்பழத்தைத் தூக்கிவரச் செய்தார், துண்டு போர்த்தினார். "நம்ம சோத்தத் தின்னு, இந்த இடிஞ்ச ஊட்டுல இருந்து படிச்ச புள்ள. எல்லாம் இந்த ஊரு போட்ட பிச்சை," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். யமுனாவும் கை தட்டினாள். பிரேம் தரையைப் பார்த்து நின்றான்.

அப்புறம் யாரோ ஒருத்தி கவுண்டரின் பேரன் தமிழ்ச்செல்வன் அதே பரீட்சையில் இரண்டு பாடத்தில் தவறிவிட்டதைக் கவனமில்லாமல் சொல்லிவிட்டாள். கை தட்டல் நின்றது. எல்லோர் பார்வையும் மெல்ல அந்தப் பிள்ளையின் மேல் திரும்பியது. தீபாவளிக்கு அந்த மஞ்சள் சுவரைப் பார்த்தார்களே, அதே பார்வை.

"அடுத்து காலேஜா கண்ணு?" என்றாள் சென்னம்மாள். "அவிங்களுக்குன்னு தனியாச் சலுகை இருக்குமாட்ட இருக்குது."

அந்தப் போனிலேயே தர்சினிக்குச் சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று ஹெட்மாஸ்டர் உறுதியாகச் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தர்சினி ஒரு நிமிஷம் சென்னம்மாளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். தோளைச் சுருக்கிக்கொண்டாள். "காலேஜுக்கெல்லாம் எங்கங்க போறது அம்மாயி," என்றாள் சின்னக் குரலில். "அப்பாவால முடியாதுங்க. மில்லு வேலைக்குத்தான் போகோணும்."

"அடப் பாவமே!" என்றது ஊர். சென்னம்மாள் நிஜமாகவே கண் கலங்கி அவள் தலையைத் தடவினாள். கவுண்டர் பலாச்சுளையை எடுத்துத் தன் கையாலேயே ஊட்டினார். பிள்ளை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கப் போனபோது எதிர் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் தர்சினி நின்றாள். கையில் அப்பனுடைய மெல்லிய பிரஷ். ஜன்னலுக்கு மேலே, சுவர் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்த இடத்தில், கறுப்பில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. பிரேம் வாசலுக்கு வந்தான், மகளைப் பார்த்தான், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளேயிருந்து அவன் அழுவது கேட்டது.

"ஏங்கண்ணு, இன்னும் எதுக்கு? பரீச்சதான் முடிஞ்சுபோச்சே?" என்றேன்.

"ஆடியில காலேஜுக்குப் போனா ஊருக்குத் தெரிஞ்சிரும்ங்க அத்தை. அம்மாவும் அப்பாவும் இங்கதானே இருக்கோணும்?" அவள் திரும்பாமலே கோட்டுக்குப் பக்கத்தில் நிழலை வைத்தாள். "ரோட்டுல நின்னு பாத்துச் சொல்லுங்க, தெரியுதுங்களா?"

நான் ரோட்டுக்குப் போய் நின்று பார்த்தேன்.

"நல்லாத் தெரியுது சாமி," என்றேன். "இப்பவே விழுந்துர்ற மாதிரி இருக்குது."